பெண்மகவுக்குப் பெயரிடல்: தமிழ்ச் சமண மரபில் ஒரு நோக்கு

பேரன், பேத்தி என்னும் முறைப்பெயர்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மரூஉ மொழிகள். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்கியவள் பெயர்த்தி. உறவுக்கே பெயரைக் காரணமாக்கிய மொழி தமிழ். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் நயினார் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்புவரை பெண்மகவுக்குப் பெயர் தேடும் வேலையே எழவில்லை. தந்தையைப் பெற்றவளின் பெயர் ஒருத்திக்கு, தாயைப் பெற்றவளின் பெயர் அடுத்தவளுக்கு என அது தானே வந்து சேர்ந்தது. மாமியாரின் பெயரை மருமகள் வாயாற் சொல்லலாகாது என்னும் வழக்கமும் உடனிருந்தமையால், ஏட்டில் பத்மாவதியாக இருந்த குழந்தை வீட்டில் பாப்பாவாகவோ அம்மணியாகவோ வளர்ந்தது. அந்த மருமகளும் பாட்டியான பின்னர்த்தான் பத்மாவதி என்னும் பெயர் முற்றத்தில் உரக்க ஒலித்தது.

இன்று பெயர் தானே வந்து சேர்வதில்லை, தேர்ந்தெடுக்கப்படுகிறது. நட்சத்திரத்துக்குரிய எழுத்து, கூட்டெண், இரண்டெழுத்தில் முடியும் ஓசை ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மகனுக்குப் பெயரிடும்போது தீர்த்தங்கரரை நினைக்கும் இல்லங்கள்கூட மகளுக்குப் பெயரிடும்போது ஓசையை மட்டுமே நினைக்கின்றன. பிறந்த வீட்டில் தங்காதவள்தானே என்னும் எண்ணம் இதன் அடியில் இருக்கலாம். மரபின் களஞ்சியத்தில் பெண்மகவுக்கு என்ன இருக்கிறது என்பதை ஒருமுறை திறந்து பார்த்தல் தகும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் இயற்றிய ஆதிபுராணம் இல்லறத்தார்க்குரிய கிரியைகளை வரிசைப்படுத்தும் இடத்தில் நாமகர்மத்தையும் கூறுகிறது. குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் கழிந்தபின் நல்ல நாளில் பெயரிடுதல் வேண்டும். ஜினபகவானின் 1008 திருநாமங்களைத் தனித்தனியே ஏட்டில் எழுதிக் குடத்திலிட்டு, கைக்கு வந்த ஒன்றை எடுத்துச் சூட்டலாம் என்று அந்நூல் ஒரு வழி காட்டுகிறது. கடபத்திர விதி என்பது இதற்குப் பெயர். பெற்றோரின் ஆசைக்கும் உறவினரின் பூசலுக்கும் இடந்தராத வழி இது. ஆனால் அந்த 1008 திருநாமங்களும் ஆண்பாற் பெயர்கள். பெண் பிறந்த வீட்டில் குடத்துக்குள் கைவிட்டவர் அதனைப் பெண்பாலாக்கியே அழைத்திருத்தல் வேண்டும்.

தீர்த்தங்கரர் இருபத்துநால்வரின் பெயர்களும் அவ்வாறே ஆண்மக்களுக்கு ஆகிவந்தன. பத்தொன்பதாம் தீர்த்தங்கரரான மல்லிநாதரைச் சுவேதாம்பரர் பெண் என்பர். தமிழ்ச் சமணர் தழுவும் திகம்பர மரபு அதனை ஏற்பதில்லை. தமிழ்ச் செவிக்கோ மல்லி என்றதும் பூவும் பெண்ணுமே தோன்றுதல் ஒரு வேடிக்கை. ஆதலின் பெண்மகவுக்கு முதலில் கிடைப்பவை தீர்த்தங்கரரின் தாயர் பெயர்கள்: விருஷபரை ஈன்ற மருதேவி, நேமிநாதரை ஈன்ற சிவதேவி, மகாவீரரை ஈன்ற பிரியகாரிணி. அடுத்து நிற்பவை சாசனதேவியர் பெயர்கள். பார்சுவநாதரின் பத்மாவதி, சந்திரப்பிரபரின் ஜ்வாலாமாலினி, தமிழகத்தில் தருமதேவி என வழங்கும் நேமிநாதரின் அம்பிகை ஆகியோர் ஊர்தோறும் ஜினாலயங்களில் வீற்றிருப்பதால் அப்பெயர்கள் வழக்கில் நிலைத்தன. ஆர்க்காட்டை அடுத்த திருப்பான்மலையில் நந்திவர்ம பல்லவனின் ஐம்பதாம் ஆட்சியாண்டில் இயக்கி ஒருத்தியின் படிமம் பாறையில் வடிக்கப்பட்டது. கல்வெட்டு அவளைப் பொன்னியக்கியார் என்கிறது. இயக்கிக்கு இத்துணை எளிய தமிழ்ப்பெயர் எட்டாம் நூற்றாண்டிலேயே அமைந்தது.

ஆதிபுராணத்திலேயே வேறொரு காட்சி உண்டு. விருஷபதேவர் தம் மகளிர் பிராமி, சுந்தரி இருவரையும் மடியில் இருத்தி, முன்னவளுக்கு எழுத்தையும் பின்னவளுக்கு எண்ணையும் கற்பிக்கிறார். பரதன் முதலிய மைந்தருக்குக் கல்வி புகட்டியது அதன் பின்னரே கூறப்படுகிறது. இருவரும் பிற்காலத்தில் துறவு பூண்டனர். ஆர்யிகையர் கூட்டத்துக்குப் பிராமி தலைவியானாள். அசோகனின் கல்வெட்டுகளிலும் தமிழகக் குகைத்தளங்களிலும் காணப்படும் தொல்லெழுத்துக்கு அவள் பெயரே இன்று வழங்குகிறது. சுந்தரி என்னும் பெயர் தமிழகம் முழுவதும் பரந்திருக்க, எழுத்தைப் பெற்றவளான பிராமியின் பெயரைச் சூட்டிய இல்லம் காண்டற்கரிது.

காவியங்களுக்கு வந்தால் தமிழின் கைவண்ணம் தெரியும். சீவக சிந்தாமணியில் சீவகன் மணந்த எண்மர் காந்தருவதத்தை, குணமாலை, பதுமை, கேமசரி, கனகமாலை, விமலை, சுரமஞ்சரி, இலக்கணை ஆவர். வடமொழியில் க்ஷேமஸ்ரீ என நின்றவள் தேவர் நாவில் கேமசரி ஆனாள். லக்ஷ்மணா என்பவள் இலக்கணை ஆனாள். வடசொல்லைத் தமிழ் ஓசைக்குள் இருத்தும் இந்த முறை பழைய பெண்பெயர்கள் பலவற்றைக் காத்தது. விமலா என்பதினும் விமலை என்பது அழைக்க எளிது. விளியில் நீண்டு ஒலிக்கவும் செய்யும். இந்த எட்டனுள் குணமாலை என்பதே தனி அழகுடையது. சுண்ணத்தின் சிறப்புப் பற்றிச் சுரமஞ்சரியோடு எழுந்த போட்டியில் வண்டுகள் மொய்த்தது குணமாலையின் சுண்ணத்தைத்தான். அதற்காகவேனும் அப்பெயரை ஒரு வீட்டார் மீண்டும் எடுக்கலாம். யசோதர காவியத்து அமிர்தமதியோ கணவனுக்கு நஞ்சிட்டவள். இனிய பெயராயினும் கதையறிந்த பாட்டிமார் முன் அதனைச் சொல்லத் துணிவு வேண்டும்.

பெயருக்கு நேரும் இழுக்கு எப்போதும் பெயருடையாள் செய்த வினையால் வருவதன்று. நீலி என்னும் பெயரின் வரலாறு இதற்குச் சான்று. சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் அணுவிரதம் ஐந்துக்கும் ஒவ்வொருவரை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறது. கற்புநெறிக்கு அதில் நிற்பவள் நீலி. பழிசுமத்தப்பட்ட அவள் கால் பட்டபோது, திறவாதிருந்த நகரக் கதவுகள் திறந்தன என்று அந்நூலின் உரைக்கதை கூறும். தமிழில் எழுந்த நீலகேசியின் தலைவியும் நீலியே. பழையனூரில் பேயாக இருந்த அவள் முனிச்சந்திரரின் தவத்தைக் குலைக்க வருகிறாள். குலைக்க இயலாமல் அவரிடமே அறங்கேட்டுத் தெளிகிறாள். பின்னர்ப் பௌத்தரையும் வேதவாதியரையும் பிறரையும் தேடிச்சென்று வாதில் வெல்கிறாள். அவள் கைக்கொண்ட படைக்கலம் கேள்வி ஒன்றே. தருக்க நூற்பொருளை ஒரு பெண்ணின் வாயில் வைத்துக் காவியம் முழுவதையும் நடத்திய துணிவு பெரிது. சமயதிவாகர வாமன முனிவர் அதற்கு உரை வகுத்தார்; 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அந்நூலை உரையுடன் பதிப்பித்தார்.

ஊர் வழக்கில் நிலைத்ததோ பழையனூர் நீலியின் மற்றொரு கதை. வணிகன் ஒருவனைப் பழிவாங்கப் பொய்யழுகை அழுத பேய்மகள் அவள். அவளை நம்பி வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபதின்மர் தீப்பாய்ந்தனர். நீலிக் கண்ணீர் என்னும் தொடர் இன்றும் நாவில் உள்ளது. ஒரு மரபில் கற்பரசியும் தருக்கப் புலவியுமாக விளங்கியவள் பெயர், அயல்வீட்டில் வசைச்சொல்லாகிவிட்டது. சிறுபான்மையாக வாழும் சமூகம் தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது பிற பிள்ளைகள் என்ன சொல்லி நகைப்பார்கள் என்று அஞ்சுவது இயல்பு. எனவே நீலியைக் கைவிட்டவர்களைக் குறைகூற இயலாது. கைவிட்டது பெயரைத்தான் என்பதும், கதையையும் அதனோடு கைவிட வேண்டியதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

காவியத்தினும் உறுதியாகப் பெண்பெயர்களைக் காத்துவைத்தது கல். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர் பலர் வருகின்றனர். மிழலூர்க் குரத்தி, திருச்சாரணத்துக் குரத்தி என ஊர்ப்பெயரே அங்குச் சிலருக்கு அடையாளம். பெற்றோர் இட்ட பெயர் துறவில் உதிர்ந்துவிட்டது. வந்தவாசியை அடுத்த வேடாலில் ஆதித்த சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குணகீர்த்தி படாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியாரைக் குறிக்கிறது. அவரிடம் 500 மாணாக்கர் இருந்தனர். விளாப்பாக்கத்தில் 945ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு, திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தியடிகள் கிணறு தோண்டியதைச் சொல்கிறது. பட்டினி என்பது இன்று வறுமையின் சொல். அன்று நோன்பின் சொல். உண்ணாமையைப் பெயராகக் கொண்டவர் ஊரார்க்கு நீர் தந்தார்.

போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் இராசராசனின் தமக்கை குந்தவை எடுத்த ஜினாலயம் அவர் பெயராலேயே குந்தவை ஜினாலயம் எனப்பட்டது. அங்குள்ள முதலாம் இராசேந்திரனின் பாறைக் கல்வெட்டை வரலாற்று மாணவர் அனைவரும் அறிவர்; கங்கை வரை சென்ற வெற்றிகளை அடுக்கும் மெய்க்கீர்த்திக்காக அது மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. அக்கல்வெட்டு வெட்டப்பட்ட காரணம் வேறு. மல்லியூர் வணிகன் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை, ஜினாலயத்தில் விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் காசு கொடுத்தாள். பேரரசனின் வெற்றிகள் அவளது விளக்குக்கு முன்னுரையாக நிற்கின்றன.

இக்கல்வெட்டுகளில் ஒரு பெண் மகளாகவோ, மனைவியாகவோ, மாணாக்கியாகவோ குறிக்கப்படுகிறாள். இன்றைய தலைப்பெழுத்தும் அந்த வேலையைத்தான் செய்கிறது. மணமாகும்வரை தந்தையின் எழுத்து முன்னிற்கும். மணமானபின் பெரும்பாலும் கணவனின் எழுத்து வந்து சேரும். பிறந்த வீட்டிலிருந்து அவள் மாற்றாமல் எடுத்துச் செல்வது பெயர் ஒன்றே. சான்றிதழ்களில் ஜெயின் என்னும் பின்னொட்டைச் சேர்க்கும் வழக்கம் பெருகிவருகிறது. சலுகைக்கு அது உதவலாம். ஆனால் தமிழ்ச் சமணரையும் வடபுலத்து வணிகரையும் அது வேறுபடுத்திக் காட்டாது. பின்னொட்டால் சொல்ல இயலாததைச் சொல்ல வேண்டியது முன்னுள்ள பெயர்தான். பிறப்பைப் பதிவு செய்தபின் பெயரைச் சேர்க்கச் சட்டம் பன்னிரண்டு மாதம் கட்டணமின்றி இடந்தருகிறது. மருத்துவமனையிலேயே முடிவு செய்துவிட வேண்டிய அவசரம் எவர்க்கும் இல்லை. பாட்டியர் இருவரையும் கேட்கவும், ஸ்ரீபுராணத்தைப் புரட்டவும், ஒருமுறை திருமலைக்குச் சென்றுவரவும் அது போதிய காலம்.

அத்திருமலையில் இராசநாராயண சம்புவராயனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில் பொறித்த சிறு கல்வெட்டு ஒன்று உண்டு. பொன்னூர் மண்ணைப் பொன்னாண்டையின் மகள் அங்கே பொன்னெயில்நாதர் திருவுருவத்தை எழுந்தருளுவித்தாள் என்பது அதன் செய்தி. அவளுக்குக் கணவன் இருந்தானா, அவள் துறவியா என்று கல் ஒன்றும் சொல்லவில்லை. தந்தையின் பெயரையும் ஊரையும் சொல்லி, அவள் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அவள் பெயர் நல்லாத்தாள்.