நாயக்கர்: ஒரு பின்னொட்டின் பயணம்

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்திலிருந்து வந்து என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், மேற்படிப்புக்குப் போலந்து நாட்டில் இடம் கிடைத்த செய்தியுடன் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். அதில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் மட்டும் நிரப்பப்படாமல் இருந்தது. அவருக்கு வாய்த்ததெல்லாம் ஒரு பெயரும், தகப்பனார் பெயரின் முதலெழுத்தும்தான். "தாத்தா காலத்துப் பத்திரத்திலெல்லாம் நாயக்கர் என்று இருக்கிறது ஐயா. அதையே போட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் உடனே விடை சொல்லியிருக்க வேண்டும். சொல்ல இயலவில்லை. அந்தத் தயக்கம் என்னை எங்கெங்கோ அழைத்துச் சென்றது. கண்டவற்றை இங்குள்ள நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அவர் செல்லவிருந்த நாட்டிலிருந்தே தொடங்கலாம். போலந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் 'நோவாக்'. ஏறத்தாழ 2 லட்சம் பேர் அதைத் தாங்கியிருக்கிறார்கள். 'புதிய' என்னும் பொருளுள்ள சொல்லடியிலிருந்து பிறந்த அப்பெயருக்கு, ஊருக்குப் புதிதாக வந்தவன் என்று பொருள். அடுத்த நிலையில் இருப்பது 'கோவால்ஸ்கி'. 'கோவால்' என்றால் கொல்லன். அதன் '-ஸ்கி' என்னும் ஈறு சுவையான வரலாறு உடையது. முதலில் அது நிலக்கிழார்களுக்கு உரியதாயிருந்தது. தார்னூஃப் என்னும் ஊரை உடையவர் 'தார்னோவ்ஸ்கி' ஆனார். நாளடைவில் எளிய மக்களும் அந்த ஈற்றைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டனர். பிரபுவின் அடையாளம் கொல்லன் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

கரிசலுக்கும் புதிதாக வந்தவர்கள் உண்டு. விஜயநகரப் பேரரசு மதுரையைக் கைக்கொண்டபின், தெலுங்கு பேசும் குடிகள் அலையலையாகத் தெற்கே வந்தன. ஆற்றுப் பாசனமுள்ள தாமிரபரணிக் கரை ஏற்கெனவே நிரம்பியிருந்தது. எஞ்சியிருந்தது வடக்கே வானம் பார்த்த கறுப்பு மண். தெலுங்கு நாட்டின் கரிசலில் பழகிய கைகளுக்கு அந்த மண் அயலானதன்று. பருத்தியும் கம்பும் விளைந்தன, ஊர்கள் எழுந்தன. கி. ராஜநாராயணன் 1976-இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' இந்த வருகையின் வாய்மொழி நினைவுகளைக் கதையாக்கிய நாவல் என்பது வாசகர்கள் அறிந்ததே. போலந்தில் புதிதாக வந்தவனை ஊரார் 'புதியவன்' என்றே அழைத்தார்கள். இங்கே வந்தவர்களில் பலரோ 'தலைவர்' என்னும் பெயரோடு வந்தார்கள்.

'நாயக' என்னும் வடசொல் 'நடத்திச் செல்லுதல்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. நாடகத்தின் நாயகனும் நாயகியும் அதே வேரில் பிறந்தவர்கள்தாம். விஜயநகர ஆட்சியில் அது ஒரு பதவி. படை திரட்டித் தரும் கடமையோடு நிலவருவாயை நுகரும் உரிமை பெற்றவர் நாயக்கர். 1529-இல் விசுவநாத நாயக்கரோடு தொடங்கி 1736-இல் ராணி மீனாட்சியோடு முடிந்த மதுரை ஆட்சியில் அச்சொல் அரச குலத்தின் பெயராயிற்று. அந்த ஆட்சியில் 72 பாளையங்கள் அமைந்தன என்பது மரபு. எட்டயபுரத்திலும் பாஞ்சாலங்குறிச்சியிலும் பாளையக்காரர்களின் பெயரோடு அது நின்றது. 1799-இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவரும், கும்பினியாரின் பக்கம் நின்ற எட்டயபுரத்தாரும் அதே பின்னொட்டைத் தாங்கியவர்கள்.

ஆட்சி போன பிறகும் சொல் போகவில்லை. பதவி சாதியாக உறைந்தது. அதுவும் ஒரே சாதியாக அன்று. தெற்கே ராஜகம்பளத்தாரும் கம்மவாரும் அதைக் கொண்டார்கள். வட தமிழ்நாட்டில் தமிழே பேசும் வன்னியர்களில் பலருக்கும் அதுவே பட்டம். எல்லை கடந்தால் கன்னடத்தில் 'நாயக்', கோவாவில் 'நாயிக்', சிங்களத்தில் சேனநாயக்க, பண்டாரநாயக்க. இந்தியத் தரைப்படையில் இன்றும் 'நாயக்' என்பது ஒரு பதவிப் பெயர். படைத்தலைவரைக் குறித்த சொல், சிறு படைப்பிரிவொன்றை நடத்துபவருக்குரியதாகச் சுருங்கிவிட்டது.

இவ்வளவு பரவிய சொல்லைக் குடும்பப் பெயர் எனலாமா? ஆகாது என்பதற்குக் கரிசல் வீடுகளிலேயே சான்று இருக்கிறது. தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு 'இண்டிபேரு' என்று ஒன்றுண்டு. வீட்டுப் பெயர் என்று பொருள். ஒரே வீட்டுப் பெயருடையவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் மணவுறவு கிடையாது. போலந்துக்காரர் குடும்பப் பெயர் என்று எதைச் சொல்கிறாரோ, அது உண்மையில் இதுதான். ஆந்திரத்தில் அது பெயரின் முன்னே எழுத்தாக நிற்கிறது, என்.டி. ராமராவின் முதலெழுத்தான 'நந்தமூரி' வீட்டுப் பெயரே. தமிழ் மண்ணில் முன்னெழுத்து தந்தைக்குப் போயிற்று. வீட்டுப் பெயர் திருமணப் பேச்சின்போது மட்டும் பெரியவர்கள் வாயில் வந்து போகும் சொல்லாயிற்று. உறவைச் சொன்ன பெயர் உள்ளே தங்கிவிட, தகுதியைச் சொன்ன பெயர் வெளியே நடமாடியது.

அந்தத் தகுதி இன்னொருவரின் தகுதியின்மையின்மேல் நின்றது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. பழைய பத்திரங்களைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நிலத்தை வாங்குபவர் 'நாயக்கரவர்கள்'. அவருடைய தந்தைக்கு அவர் 'குமாரர்'. அதே தாளில் எல்லை சொல்ல வரும் உழைப்பாளி வெறும் '-அன்', அவர் 'மகன்'. ஓர் 'அர்' விகுதிக்கும் ஓர் 'அன்' விகுதிக்கும் இடையில் ஒரு தெருவே பிரிந்து கிடந்தது.

இதை உணர்ந்தவர்கள்தாம் அந்தப் பின்னொட்டை அறுத்தார்கள். ஈ.வெ. ராமசாமி 1927-இன் இறுதியில் தம் பெயரிலிருந்து 'நாயக்கரை' நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கும்படி வேண்டியது. இந்தியாவின் வேறு பகுதிகளில் பின்னொட்டு இல்லாமல் பெயர் முடிவதில்லை. தமிழ்நாட்டிலோ அதைச் சொல்வது பொதுவிடத்தில் கூச்சத்துக்குரியதாயிற்று. இடைசெவலில் பிறந்தபோது வைக்கப்பட்ட நெடும்பெயர் 'ராமானுஜ நாயக்கர்' என்று முடிந்தாலும், நமக்குத் தெரிந்தவர் கி. ராஜநாராயணனே. ஆயினும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2025 அக்டோபரில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க அரசு ஆணையிட்ட அதே நாட்களில், கோவை மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டபோது எழுந்த விவாதம் நினைவிருக்கலாம். நாயுடு அங்கே சாதியா, ஒரு மனிதரின் பெயரா?

கடல் கடந்த இடத்தில் இதற்கு வேறொரு விடை கிடைத்தது. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். ஆங்கில ஆட்சிமுறைக்குக் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. நாயக்கர் 'நைக்கர்' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். படையாச்சியும் பிள்ளையும் குடும்பப் பெயர்களாக நிலைத்தனர். தகப்பனின் பட்டம் மகளுக்கும் பேத்திக்கும் மாறாமல் சென்றது. கரிசலில் 'நாயக்கர் வீட்டம்மா' என்றிருந்திருக்கக்கூடிய பெண், டர்பனில் தாமே நைக்கர். கோவால்ஸ்கியின் மகள் 'கோவால்ஸ்கா' என்று விகுதி மாறுவதுபோன்ற மாற்றம்கூட அங்கில்லை.

அந்தப் பெயரை உலகறியச் செய்தவர் 1910-இல் டர்பனில் பிறந்த மருத்துவர் மாண்டி நைக்கர். நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவராக 1946-இன் சத்தியாக்கிரகத்தை நடத்தியவர். 1947 மார்ச்சில் டாக்டர் சூமா, டாக்டர் தாதூ ஆகியோரோடு அவர் கையெழுத்திட்ட உடன்பாடு, ஆப்பிரிக்கரும் இந்தியரும் இணைந்து போராட வழிவகுத்தது. ஒரு காலத்தில் தெருக்களைப் பிரித்த சொல், நிறத்தால் மனிதரைப் பிரிப்பதற்கு எதிரான தாளில் கையெழுத்தாக விழுந்தது. ஈரோட்டில் ஒருவர் பெயரை நீக்கிச் செய்ததை, டர்பனில் இன்னொருவர் பெயரை வைத்துக்கொண்டே செய்தார்.

மாணவர் மறுமுறை வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "என் வகுப்பில் கூடப் படித்தவன் ஒருவனுக்குப் போட்டுக்கொள்ள இப்படி எதுவும் இல்லையே ஐயா. அவனும் நாளைக்கு இந்தக் கட்டத்தை நிரப்பத்தானே வேண்டும்?" என்றார். நான் படித்துத் தேடியதில் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

கட்டத்தில் அவர் தம் தகப்பனாரின் பெயரை எழுதினார். மானாவாரிப் புஞ்சையில் மழை பார்த்து விதைப்பவர் அவர்; மாவட்டம் தாண்டிப் போனதில்லை. மகன் அங்கேயே தங்கிவிட்டால், புதியவர்களின் பெயர் பெருகிக் கிடக்கும் அந்த நாட்டில், அவர் பெயர் பேரப்பிள்ளைகளின் குடும்பப் பெயராக வழங்கக்கூடும். அதைச் சொன்னபோது மாணவர் சிரித்தார். "அப்பாவிடம் சொன்னால் நம்ப மாட்டார்" என்றார்.