ஒரே கலவை, இரு வெப்பநிலைகள்: நுவரெலியாவில் சமையல் எரிவாயுவின் அவத்தை மாற்றம்

எரிவாயு என்று அழைக்கப்பட்டாலும் சமையல் சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவமே. காபனும் ஐதரசனும் ஒற்றைப் பிணைப்புகளால் மட்டும் இணைந்த சேர்வைகளான அற்கேன்களுள், மூன்று காபன் அணுக்கள் கொண்ட புறோப்பேனும் நான்கு கொண்ட பியூற்றேனும் அதில் கலந்திருக்க, அடுப்பு எரியுமளவும் திரவ அவத்தை வாயு அவத்தையாக மாறிக்கொண்டிருக்கிறது. 2021 இன் இறுதியில் இலங்கையில் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது இக்கலவையின் விகிதம் நாடளாவிய விவாதமாயிற்று. ஆனால் விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு சிலிண்டரின் நடத்தையை எதிர்வுகூற முடியாது என்பதற்கு மலையகமே சான்று.

கலவையின் ஒவ்வொரு கூறும் தன் தூய ஆவியமுக்கத்தைத் திரவத்திலுள்ள தன் மூல்பின்னத்தின் அளவுக்கு வழங்குகிறது என்பது இரவோற்றின் விதி. இவ்விரு அற்கேன்களும் மூலக்கூற்று அமைப்பில் நெருங்கியவை என்பதால், 1976 இல் வெளிவந்த பெங்–ரொபின்சன் நிலைச் சமன்பாட்டைப் போன்ற நுட்பமான மாதிரிகளை நாடாமலே இவ்விதி போதிய விடை தருகிறது. 30 பாகை செல்சியசில் புறோப்பேனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 10.8 பார், பியூற்றேனினது 2.8 பார், 10 பாகையில் அவை 6.4, 1.5 ஆகக் குறைகின்றன. எனவே மூலில் ஐந்திலொரு பங்கு புறோப்பேன் கொண்ட கலவை கொழும்பின் வெப்பத்தில் 4.4 பார் அமுக்கம் காட்ட, சரிபாதிக் கலவையோ நுவரெலியாவின் குளிரிரவில் 3.9 பாரையே எட்டும். கொழும்பில் ஐயத்துக்குள்ளான சரிபாதிக் கலவை, மலையில் கொழும்பின் பழைய ஐந்திலொரு பங்குக் கலவையைவிட அமுக்கத்தில் அடக்கமானது.

இது சமநிலைக் கணிப்பு. அடுப்படியில் சமநிலை நிலைப்பதில்லை. ஐந்திலொரு பங்கு புறோப்பேனுள்ள திரவத்தின் மேல் 10 பாகையில் நிற்கும் ஆவியில் பாதிக்குமேல் புறோப்பேனே என்பதால், அது முந்திக்கொண்டு வெளியேற, சிலிண்டரின் அடியில் எஞ்சுவது பெரும்பாலும் பியூற்றேன். கடல் மட்டத்திலிருந்து 1,870 மீற்றர் அளவு உயரத்தில் வளியமுக்கம் 0.81 பார் மட்டுமே என்பதால் பியூற்றேனின் கொதிநிலை –0.5 பாகையிலிருந்து –6 அளவுக்கு இறங்குவது மலைவாசிக்கு இயற்கை தரும் சிறு சலுகை. அச்சலுகையை மறைவெப்பம் பறித்துவிடுகிறது. 2 கிலோவாற்று அடுப்பொன்று மணிக்கு ஏறக்குறைய 160 கிராம் எரிவாயுவை எரிக்க, அதை ஆவியாக்க 17 வாற்று வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்து உலோகச் சுவர் வழியே திரவத்துக்குள் புகவேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கையில் ஐந்தாறு பாகைக் குளிர்ச்சி இதற்குப் போதும். ஒரு கிலோ எஞ்சியபோதோ திரவம் தொடும் பரப்பு சுருங்கி, தொடர்ந்து எரித்தால் வீழ்ச்சி 15 பாகையைத் தாண்டக்கூடும் என்பது முதல்நிலை மதிப்பீடு. 30 பாகையில் தொடங்கிய திரவம் அப்போதும் தாராளமாக ஆவியாகும். 10 பாகையில் தொடங்கியதோ கொதிநிலையின் விளிம்பில் நின்று சுடரைச் சோரவைக்கும்.

புறோப்பேனைக் கூட்டுவதே தீர்வெனத் தோன்றலாம். ஆனால் நுவரெலியாவுக்கெனச் சரிபாதிக் கலவை நிரப்பிய சிலிண்டர் கொழும்பை அடைந்தால் 6.8 பார் அமுக்கத்தை அதன் வால்வும் ரெகுலேட்டரின் நுழைவாயும் தாங்கவேண்டியிருக்கும். தேயிலைக் கவ்வாத்துக் குச்சியும் விறகும் முதன்மை எரிபொருளாக இருக்க, தேநீருக்கும் குழந்தையின் பாலுக்கும் மட்டும் எரிவாயுவைச் சிறிது நேரம் எரிக்கும் தோட்ட லயத்து வீட்டில், இடையிடையே சிலிண்டர் தன் வெப்பத்தை மீட்டுக்கொள்வதால், சுடர் சோரும் சிக்கல் பெரிதாக எழாது. விடியற்காலையிலிருந்து அடுப்பு அணையாத ஹற்றன் சாப்பாட்டுக் கடைக்கே அது உரியது. அங்கு இரு சிலிண்டர்களை ஒருங்கே இணைத்தால், கலவையைத் தொடாமலே வெப்பம் புகும் பரப்பு இரட்டிப்பாகும்.