மறதிக்குத் துணை நின்ற கருவி

மறதி மாந்தர்க்கு இயல்பு. ஆயினும், வீதி விபத்திலே தலையில் அடிபட்டு மூளை பழுதுற்றவனுடைய மறதி வேறு. காலையில் மருந்து உட்கொண்டானா என்பது நண்பகலில் அவனுக்குத் தெரியாது. குறிப்பேடு ஒன்றைக் கையிற் கொடுத்தாலோ, அதனைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதையே மறந்துவிடுகின்றான். நினைவூட்டும் பொருளைப் பயன்படுத்துவதற்கே நினைவு வேண்டியிருக்கின்றது என்னும் இந்த முடிச்சு மருத்துவரை நெடுங்காலம் திகைக்க வைத்தது.

அதனை அவிழ்க்க முனைந்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு பொறியியலாளர். தலைக்காயமுற்ற ஒரு மகனின் தந்தை. உளவியலறிஞர் ஒருவருடன் சேர்ந்து 1990களின் முற்பகுதியில் அவர் அமைத்த ‘நியூறோபேஜ்’ என்னும் ஏற்பாடு மிக எளியது. இன்ன நாளில், இன்ன வேளையில், இன்ன செய்தி என்று கணினியிற் பதிந்து வைத்தால், உரிய நேரத்தில் அது தொலைபேசி வழியே பேஜர் நிலையத்துக்குச் செல்லும். இடுப்பிற் செருகிய பேஜர் ஒலிக்கும். செய்தி எழுத்தில் தோன்றும். அழுத்துவதற்குப் பெரிய பொத்தான் ஒன்று மாத்திரமே உண்டு. மகனை அருகிருந்து பார்த்தவர்க்கே பொத்தானின் தொகை பெரிய காரியமாகத் தோன்றும் போலும்.

இங்கிலாந்திலே பார்பரா வில்சன் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் குழுவினரும் இதனைச் சோதித்தனர். 1997இல் வெளியான ஆய்விலே 15 பேர் பங்குகொண்டனர். நினைவில் வைத்துச் செய்யவேண்டிய கருமங்களில் 100க்கு 37 அளவே முன்பு நிறைவேறின. பேஜர் வந்தபின் 85 ஆயின. வியப்பு அதன்பின்னர்த்தான். கருவியைத் திருப்பி வாங்கிய பிறகும் 74 அளவு நிறைவேறின. பலருக்கு அது பழக்கமாகவே படிந்துவிட்டது. 2001இல் 143 பேரிடம் நடத்திய பெருஞ்சோதனையும் இதனை வலியுறுத்திற்று.

2007இல் ஐபோன் வந்தது. பேஜர் செய்தவற்றையும் அதற்கு மேலும் செய்ய வல்லது அது. ஆனால் ஒற்றைப் பொத்தானின் எளிமை போயிற்று. படங்களும் அடுக்குகளும் மலிந்த கண்ணாடித்திரையில், தவறித் தொட்டவன் திரும்பும் வழியறியாது நின்றான். 2012இல், ஒரு செயலியை மாத்திரம் திறந்து மற்றவற்றை அடைத்துவைக்கும் வசதியை அப்பிள் நிறுவனம் சேர்த்தது. அறிதிறன் குறைந்தோருக்கென்றே முழு அமைப்பு ஒன்று வரப் பின்னும் 11 ஆண்டுகள் சென்றன. தாமதந்தான். 2023இல் வந்த அவ்வமைப்பிலே, நம்பிக்கைக்குரிய ஒருவர் வேண்டியவற்றை மட்டும் தெரிந்து வைக்கலாம், படங்கள் பெரியவை, பின்செல்லும் பொத்தான் எப்போதும் கீழே ஒரேயிடத்தில் நிற்கும். எழுத இயலாதவர் முகக்குறிகளாலோ, தாமே பேசிப் பதிந்த காணொளியாலோ வீட்டாருக்குச் செய்தி அனுப்பலாம்.