சேது வழியில் ஒரு நாள் நடை

சேது யாத்திரையைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இராமேசுவரத்தில் தொடங்கி இராமேசுவரத்திலேயே முடிந்துவிடுகிறது. கோயிலின் நெடும் பிராகாரமும் தீர்த்தங்களும் போற்றப்படும் அளவிற்கு, அங்கே சென்று சேர்ந்த வழி நினைக்கப்படுவதில்லை. 1914இல் பாம்பன் பாலத்தின்மீது இரயில் ஓடத் தொடங்கும்வரை எளிய மக்களில் பெரும்பாலோர் அவ்வழியை நடந்தே கடந்தனர். வடக்கேயிருந்து வந்தோர் தஞ்சையைத் தாண்டி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடலோரத்தை அடைந்தனர். பிறகு கடலை இடப்புறம் கொண்டு மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் எனத் தெற்கு நோக்கிச் சென்றனர். அவ்வழியின் ஒரு நாள் நடையை அளவுகோலாகக் கொண்டு அதன் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலே அளவு

பழந்தமிழரின் தொலைவு அளவைகள் மனித உடலிலிருந்து பிறந்தவை. ஒருவர் கூவினால் மற்றவர்க்குக் கேட்கும் தொலைவு 'கூப்பிடு'. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடக்கக்கூடிய தொலைவு 'நாழிகை வழி'. ஏறத்தாழ ஏழு நாழிகை வழி கொண்டது காதம். இன்றைய கணக்கில் அது சுமார் 10 மைல். குரலும் காலும் நேரமும் ஒன்றாகிய அளவைகள் இவை. வழி நெடுகத் தங்கிச் செல்லும் இடங்களும் இக்கணக்கையே தழுவின. தஞ்சையிலிருந்து ஒரத்தநாடு, அங்கிருந்து பட்டுக்கோட்டை என்ற இரு கட்டங்களும் ஏறத்தாழ ஒரே தொலைவுடையன. ஒவ்வொன்றும் 20 முதல் 25 கி.மீ. வரை இருக்கும். மூட்டை சுமந்தவரும் முதியவரும் குழந்தையை இடுப்பில் ஏந்திய தாயும் பொழுது சாய்வதற்குள் கடக்கக்கூடிய தொலைவு அது.

அதிராம்பட்டினம் முதல் சேதுபாவாசத்திரம் வரை

கடலோரத்தில் இக்கட்டத்திற்கு நிகரானது அதிராம்பட்டினத்திலிருந்து இராஜாமடம், மல்லிப்பட்டினம் வழியாகச் சேதுபாவாசத்திரம் வரையுள்ள பகுதி. அதனை ஒரு பகல் முழுதும் நடந்து பார்த்தபோது இரண்டு செய்திகள் தெளிவாயின. ஒன்று, இங்கே 'கடற்கரை வழி' என்பது அலையோர மணலில் செல்லும் வழியன்று. பாக் நீரிணை ஆழமற்றது. கரையில் மணலினும் சேறே மிகுதி. சிற்றாறுகளின் கழிமுகங்கள் குறுக்கிடுகின்றன. ஆகவே நடப்பவர் கடலைவிட்டுச் சற்று உள்ளே ஒதுங்கியே செல்ல வேண்டும். நெடுநேரம் கடல் கண்ணில் படுவதில்லை. உப்புக் காற்று மட்டுமே உடன் வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகள் இவ்வழியின் இருமருங்கும் இருந்தவையே.

மற்றொன்று தண்ணீர். உவர்நிலத்தின் ஓரத்தில் நல்ல தண்ணீர் எல்லா இடத்திலும் ஊறுவதில்லை. ஆழத் தோண்டினால் உப்பே மேலேறும். நடப்பவரின் நாவிற்கு மைல்கல்லைவிடக் கேணியே பெரிது. உச்சி வெயிலில் இவ்வழியில் இரண்டு நாழிகை நடந்த எவர்க்கும், சத்திரம் கட்டியவர்கள் முதலில் தேடியது எதுவாக இருந்திருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மல்லிப்பட்டினத்தை அடுத்து மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைப் போற்றி இரண்டாம் சரபோஜி 1814இல் எழுப்பிய அடுக்குக் கோபுரம் அது. தொலைவிலிருந்தே கண்ணைக் கவர்வது. பயணிகள் பலரும் நின்று பார்ப்பது. ஆயின் அதே மன்னர் நடப்பவர்க்காகச் செய்த செயல் அதனினும் உயரமானது என்பேன்.

1801ஆம் ஆண்டுக் கடிதம்

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. கோட்டையும் சில உரிமைகளுமே சரபோஜிக்கு எஞ்சின. சத்திரங்களுக்கு விடப்பட்ட நிலங்களின் வருவாயும் பறிபோகுமோ என்ற நிலையில், 1801இல் அவர் தஞ்சை ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சேது வழிச் சத்திரங்களில் நடைபெறும் அறங்கள் அக்கடிதத்தில் ஒவ்வொன்றாக விரிக்கப்படுகின்றன. அந்தணர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை வருவோர் அனைவர்க்கும் சோறு, பிறர் சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும், நோயுற்றோர்க்கு மருத்துவம், வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குப் பாதுகாப்பும் கல்வியும், கருவுற்ற பெண்களுக்குப் பேணல், இறந்தோர்க்கு அவரவர் முறைப்படி இறுதிக்கடன். சாதி ஒழுங்கை மீறாமலே பசியை ஆற்றிய ஏற்பாடு இது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அக்கடிதத்தில் ஒரு செய்தி நெஞ்சைவிட்டு அகலாதது. நள்ளிரவில் சத்திரத்து மணி ஒலிக்கும். இன்னும் உண்ணாதார் எவரேனும் இருப்பின் வருக என்று அது அழைக்கும்.

இருளில், கால் வீங்கி, பின்தங்கி வரும் கடைசி மனிதரை எண்ணி அடிக்கப்பட்ட மணி அது. நாட்டை இழந்த ஓர் அரசர், இந்த மணியை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டதாகவே அக்கடிதத்தை நான் வாசிக்கிறேன். தம் நாட்டிற்கு அறத்தால் வாய்த்த பெயரையே தம் பதவியின் மேலான பெருமையாக அவர் அதில் குறிப்பிட்டார்.

வழியில் நிலைத்த பெயர்கள்

நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள், மீமிசலில் இராஜகுமாராம்பாள் எனத் தஞ்சை மராட்டியர் சத்திரங்கள் பெண்களின் பெயர்களைத் தாங்கின. இவர்களுள் முத்தாம்பாள் பட்டத்தரசி அல்லள், சரபோஜியின் காமக்கிழத்தி. அரச மரபுப் பட்டியலில் இடம்பெறாத ஒரு பெண்ணின் பெயர், 1802 முதல், பசித்து வந்தோர் வாயில் நாள்தோறும் வழங்கியது. கல்வெட்டினும் உறுதியான நினைவுச்சின்னம் சோறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1855இல் தஞ்சை அரச மரபு முடிவுற்றது. இரயில் வந்தது, நடை குறைந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணிக்குள் கடந்துவிடும் தொலைவை முன்னோர் ஒரு பகல் முழுதும் நடந்தனர். விரைவு நன்றே, நடந்து வருந்துங்கள் என்று எவரையும் நாம் கூறப்போவதில்லை. ஆனால் வழி சுருங்கியபோது, வழிப்போக்கர் மீது வழியோரத்து ஊர் கொண்டிருந்த பொறுப்பும் சுருங்கிற்று. சத்திரம் என்னும் சொல் ஊர்ப்பெயரின் வாலாக மட்டும் எஞ்சியது. கட்டடங்கள் பல சிதைந்து வருகின்றன.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தார் ஒன்று செய்யலாம். அவரவர் ஊரை ஒட்டிச் செல்லும் பழைய வழியின் ஒரு நாள் நடைத் தொலைவைத் தேர்ந்து, அதிலுள்ள சத்திரம், கேணி, சுமைதாங்கிக் கல், அவற்றைக் குறித்து முதியோர் வழங்கும் செய்தி ஆகியவற்றைத் தொகுத்து எழுதி வைக்கலாம். வரலாற்றாசிரியர்க்கு அது சான்றாகும். கவிஞர்க்கோ, நள்ளிரவில் யாரை எண்ணி மணி அடிப்பது என்ற கேள்வியாக அது நிற்கும்.