எடிட் என்னும் நாலெழுத்து

கணினியில் தமிழ் எழுதுவோர்க்கெல்லாம் ஓர் அனுபவம் உண்டு. விசைப்பலகை ஆங்கிலத்தில் இருப்பதை மறந்து, தலைநிமிராமல் நாலு வரி தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தால் பொருளற்ற எழுத்துக் குவியல். நம் கவனக்குறைவை நொந்துகொண்டு அழிப்போம். தவறு உண்மையில் யாருடையது? இவ்வினாவை 1970களிலேயே விடாப்பிடியாக எழுப்பியவர் லாரி டெஸ்லர்.

கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1973இல் 'ஆல்ட்டோ' கணினி உருவாயிற்று. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968இல் மேடையேற்றிக் காட்டிய சுட்டெலி அதனோடு இணைந்திருந்தது. அக்கணினிக்கென பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் வடிவமைத்த உரைத்தொகுப்பி 'பிராவோ'. அச்சில் வரும் வடிவிலேயே எழுத்தைத் திரையில் காட்டிய அருஞ்செயல் அது. ஆயினும் அதன் விசைகள் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தன. ஒரு நிலையில் விசை எழுத்து. மறுநிலையில் அதுவே கட்டளை. கட்டளை நிலையில் இருப்பதை உணராமல் ஒருவர் 'எடிட்' என்று தட்டினால் என்னாகும்? முதலெழுத்து 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்றாகும். இரண்டாவது தேர்ந்ததை அழிக்கும். மூன்றாவது 'புதிதாய்ச் சேர்' என்னும். எஞ்சிய 'டீ' மட்டும் திரையில் நிற்கும். பல நாள் உழைப்பு ஓர் எழுத்தாய்ச் சுருங்கிவிடும்!

நிரலர் பார்வையில் இது வழுவே அன்று. நிரல் சொன்னதைத்தான் செய்தது. டெஸ்லர் அதை ஏற்கவில்லை. செராக்ஸுக்கு உரிமையான ஜின் என்னும் பாடநூல் பதிப்பகத்திற்காக, அவரும் டிம் மாட்டும் பிராவோவை அடித்தளமாகக் கொண்டு 'ஜிப்ஸி'யை உருவாக்கினர். பதிப்பாசிரியர்கள் தாளில் எவ்வாறு திருத்துகிறார்கள் என்று முதலில் கவனித்தனர். ஜிப்ஸியில் எழுத்து விசையைத் தட்டினால் எழுத்துதான் விழும். எலியால் இடத்தைச் சுட்டலாம். வெட்டவும் ஒட்டவும் தனி விசைகள். இன்று நாம் சிந்திக்காமலே செய்வது அது.

இரட்டை நிலையே குற்றம் என்று நாம் சொல்லமாட்டோம். 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதத் தொடங்கிய 'விஐ' அவ்வழியிலேயே நின்றது. அதன் வாரிசுகளை விரும்பிப் பயில்வோர் இன்றும் உளர். பழகிய கைக்கு அது வேகம். புதியவர்க்கோ பொறி.

1980இல் ஆப்பிளுக்குச் சென்ற டெஸ்லர், உருவாகிவந்த 'லிசா' கணினியின் முன் முன்பின் அறியாதவர்களை அமர்த்திச் சோதித்தார். ஒரு பெட்டியில், எலியால் அழுத்துவதற்கு 'டூ இட்' என்றொரு பொத்தான். 'அதைச் செய்' என்று பொருள். ஒருவர் அதை அழுத்தவே மறுத்து முகஞ்சுளித்தார். சொல்லிடைவெளி தெளிவாக இல்லாமையால் 'டோல்ட்', அதாவது 'மடையா', என்று படித்திருக்கிறார்! தம்மைக் கணினி ஏன் திட்டுகிறது என்பதே அவர் வருத்தம். இம்முறை எவரும் அவரைக் குறைசொல்லவில்லை. பொத்தானில் 'ஓகே' என்று மாற்றி எழுதினார்கள்.