பதில் வராத பெட்டி

கணினித் திரையில் திடீரென்று ஒரு சிறு பெட்டி எழும்பி, "செய்யட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டு நிற்கும். அதைத் தமிழில் உரையாடல் பெட்டி என்கிறார்கள். நான் படித்த பிரெஞ்சிலும் அதே பொருளில் 'புவாத் து தியாலோக்'தான். பெயரில்தான் உரையாடல். நாம் பொத்தானை அழுத்தும்வரை அந்த வேலை அப்படியே நிற்கும். எதிரே ஆள் இருந்தால் தொல்லையில்லை. ஆளில்லாத இரவில் தானாக ஓடும்படி எழுதிவைத்த ஸ்கிரிப்ட் இப்படிக் கேட்டால் யார் பதில் சொல்வது? நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் ஒருமுறை இப்படி நின்றுபோனது. காலையில் வந்து பார்த்தால் பட்டியல் இல்லை, பெட்டி இருந்தது.

பழைய டாஸ் காலத்தில் 'பாஸ்' என்ற கட்டளைதான் உண்டு. ஏதாவது ஒரு விசையைத் தட்டும்வரை காத்திருக்கும். 1993இல் வந்த எம்.எஸ். டாஸ் 6 'சாய்ஸ்' என்ற கட்டளையைத் தந்தது. பத்து நொடிக்குள் யாரும் தட்டாவிட்டால் 'என்' தட்டியதாக வைத்துக்கொள் என்று அதற்குச் சொல்லலாம். நல்ல வசதிதான். ஆனால் மனிதர் தட்டிய 'என்'னுக்கும் நேரம் கடந்து வந்த 'என்'னுக்கும் பிறகு வித்தியாசம் தெரியாது.

யூனிக்ஸ்காரர்களின் 'எக்ஸ்மெசேஜ்' இன்னும் ஒரு படி மேலே. நேரம் முடிந்து தானே மூடிக்கொண்டால் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். யூனிக்ஸில் பூஜ்யம் என்றால் எல்லாம் நலம்!

1996இல் மைக்ரோசாஃப்டின் விபிஸ்கிரிப்ட் வந்தது. அதிலுள்ள 'எம்எஸ்ஜிபாக்ஸ்' பிடிவாதக்காரர். நேரக் கணக்கே அவருக்குக் கிடையாது. 1998இல் விண்டோஸ் 98உடன் வந்த விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டில் 'பாப்அப்' என்று இன்னொன்று வைத்தார்கள். செய்தியை அடுத்து எத்தனை நொடி என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். பூஜ்யம் கொடுத்தால், அல்லது எதுவுமே கொடுக்காவிட்டால், பழையபடி காத்திருக்கும். ஓகே அழுத்தினால் 1, யெஸ் என்றால் 6, நோ என்றால் 7 என்று பதில் வரும். யாருமே அழுத்தாமல் நேரம் போய்விட்டால் மைனஸ் 1.

அந்த மைனஸ் 1ஐ வைத்தவரை நான் மெச்சுகிறேன். 'ஆம்' அல்ல, 'இல்லை'யும் அல்ல, 'ஆளே இல்லை' என்று தனியாகச் சொல்கிறது. அதன்பின் என்ன செய்வது என்பது ஸ்கிரிப்ட் எழுதுபவர் பொறுப்பு. ஆப்பிள்ஸ்கிரிப்டிலும் இதே நேர்மை உண்டு. இத்தனை நொடிக்குப் பின் கைவிடு என்று எழுதினால், கைவிட்டேன் என்று தனியே குறித்துத் தரும்.

கோப்புகளோடு வாழ்ந்த எனக்கு இது புதிய வழக்கு அல்ல. பிரான்சில் 1900ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிர்வாகம் நான்கு மாதம் வாய் திறக்காவிட்டால் மனு நிராகரிக்கப்பட்டதாகப் பொருள். மனுதாரருக்கு அதுவும் லாபமே, நீதிமன்றம் போக வழி திறந்தது அல்லவா. 2000இல் நான்கு மாதம் இரண்டாகக் குறைந்தது. 2013 நவம்பரில் வந்த சட்டம் தலைகீழாகத் திருப்பியது: இரண்டு மாத மௌனம் இனி சம்மதம். விதிவிலக்குகள் அதில் ஏராளம், அது வேறு கதை. நொடியோ மாதமோ, மௌனத்துக்கு என்ன பொருள் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தார்கள்.

விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டது. ஆனாலும் பவர்ஷெல்லில் எழுதும் இளைஞர்களில் பலர், தானே மூடிக்கொள்ளும் பெட்டி தேவைப்படும்போது அந்தப் பழைய பாப்அப்பைத்தான் இன்றும் கூப்பிடுகிறார்கள்.