பட்ஜெட் விளக்கக் கூட்டம்: பம்பாய், 1958–1994

நாடாளுமன்றத்தில் தாக்கலாகும் மத்திய பட்ஜெட்டைப் பொதுமக்கள் முன்னால் பிரித்துப் பேசும் மேடை நிகழ்ச்சிதான் பட்ஜெட் விளக்கக் கூட்டம். இந்தியாவில் இதை ஓர் ஆண்டு மரபாக வளர்த்தெடுத்தவர் பம்பாய் வழக்கறிஞர் நானி பால்கிவாலா (1920–2002). 1958இல் ஓட்டல் கூடம் ஒன்றில் தொடங்கிய அவருடைய பேச்சு, 1983இல் கிரிக்கெட் மைதானத்துக்கு இடம் மாறி, 1994இல் முடிவுக்கு வந்தது.

தொடங்கிய காலத்தைக் கவனிக்க வேண்டும். 1957 மே மாதம் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி செல்வ வரி, செலவு வரி என்ற இரண்டு புதிய வரிகளைக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோரின் பரிந்துரைகளிலிருந்து பிறந்தவை அவை. அடுத்த சில மாதங்களில் முந்த்ரா விவகாரம் வெடித்தது. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை ஆயுள் காப்பீட்டுக் கழகம் வாங்கியது எப்படி என்று நீதிபதி எம்.சி. சாக்ளா பம்பாயில் வெளிப்படையாக விசாரித்தார். திரண்ட கூட்டத்துக்கு இடம் போதாமல் வெளியே ஒலிபெருக்கி கட்ட வேண்டியிருந்தது. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். 1958 பட்ஜெட்டைப் பிரதமர் நேருவே தாக்கல் செய்தார். அதில் நன்கொடை வரியும் சேர்ந்துகொண்டது. அரசின் பணக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு அந்த நகரத்தில் ஏற்கெனவே மூண்டிருந்தது.

கூட்டத்தை நடத்தியது ஃபோரம் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற அமைப்பு. தொழிலதிபர்கள் 1944இல் வகுத்த பொருளாதாரத் திட்டமான பம்பாய் திட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரும், உலக நிதி ஏற்பாடுகளை வகுத்த பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவின் உறுப்பினருமான ஏ.டி. ஷ்ராஃப் 1956இல் இதைத் தொடங்கினார். எல்லாத் தொழிலையும் அரசே கையில் எடுத்துக்கொள்வதை எதிர்த்துப் பேச ஒரு மேடை வேண்டும் என்பது அவர் எண்ணம். முதல் கூட்டம் நடந்த கிரீன்ஸ் ஓட்டல் இன்று இல்லை. அது இருந்த இடத்தில் தாஜ் ஓட்டலின் உயரமான புதுக் கட்டடம் நிற்கிறது.

சிறுவயதில் திக்குவாய் இருந்தவர் பால்கிவாலா. அதை வென்றவர் மேடையில் குறிப்புத்தாள் வைத்துக்கொள்வதில்லை. ஜம்ஷெட்ஜி காங்காவுடன் சேர்ந்து 1950இல் அவர் எழுதிய வருமான வரிச் சட்ட நூல் வரி வழக்கறிஞர்களின் கைநூலாகிவிட்டது; நிதி மசோதாவின் துணைப்பிரிவுகள் அவருக்கு மனப்பாடம். அன்றெல்லாம் பட்ஜெட் மாலை 5 மணிக்குத்தான் தாக்கலாகும். கட்டுக்கட்டான ஆவணங்களைச் சில நாட்களுக்குள் கரைத்துக் குடித்துவிட்டு, எண்களை நினைவிலிருந்தே அடுக்குவார். பம்பாயில் பேசியதும் மற்ற நகரங்களுக்குப் புறப்படுவார். சென்னையும் அந்தப் பட்டியலில் உண்டு. பேச்சுகள் சிறு பிரசுரங்களாகவும் வெளிவந்தன. பின்னணியில் இருந்து இவற்றை ஒருங்கிணைத்தவர்களில் எம்.ஆர். பாய் முக்கியமானவர்.

நாட்டில் இரண்டு பட்ஜெட் உரைகள் உண்டு, ஒன்று நிதியமைச்சருடையது, மற்றது பால்கிவாலாவுடையது என்று சொல்லும் அளவுக்குப் பெயர் பரவியது. கூட்டம் பெருகப் பெருக அரங்குகள் போதவில்லை. 1983இல் பிரபோர்ன் ஸ்டேடியத்துக்கு மாறினார்கள். 1973க்குப் பிறகு 2009 வரை டெஸ்ட் ஆட்டம் எதையும் காணாத அந்த மைதானம், வரிச் சட்டம் கேட்க வந்தவர்களால் ஆண்டுக்கொரு மாலை நிரம்பியது. ஒரு லட்சம் பேர் திரண்டார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு. அரங்கின் இருக்கைகள் அதில் பாதிகூடத் தேறாது என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் ஏற்க வேண்டும். பல்லாயிரம் பேர் என்பதே போதுமான வியப்பு.

அப்படி என்ன கேட்டார்கள்? 1973–74ஆம் ஆண்டின் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி 85 சதவீதம். அந்த வரியின் மேல் கூடுதல் கட்டணம் 15 சதவீதம். இரண்டும் சேர்ந்து 97.75. அந்த உச்சியில் கூடுதலாக 100 ரூபாய் ஈட்டியவர் கையில் மிஞ்சியது இரண்டேகால் ரூபாய். செல்வ வரியும் சேர்ந்தால், சிலருக்கு வருமானத்தைக் காட்டிலும் வரி அதிகமாயிற்று. கறுப்புப் பணம் இங்கிருந்துதான் புறப்படுகிறது என்பது பால்கிவாலா விடாமல் வைத்த வாதம். நேரடி வரிகளை ஆராய அரசு அமைத்த வாஞ்சூ குழுவும் 1971இல் வரி விகிதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தது. நிதியமைச்சர் ஒய்.பி. சவாண் 1974இல் உச்ச விகிதத்தை 77 ஆக்கினார். அவருக்குப் பின் வந்த நிதியமைச்சர்களும் அதே வழியில் போனார்கள். பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து வந்த சி. சுப்பிரமணியம் 1976இல் 66க்கு இறக்கினார். 1985இல் வி.பி. சிங், இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான எஸ்டேட் வரியையே எடுத்துவிட்டார். 1997இல் ப. சிதம்பரம் உச்ச விகிதத்தை 30க்குக் கொண்டுவந்தார். இவற்றையெல்லாம் ஒரு மனிதரின் பேச்சு சாதித்ததாகச் சொல்வது மிகை. ஆனால் வரி குறைந்தாலும் வசூல் கூடும் என்ற வாதத்தை அதிகாரிகளின் கோப்பிலிருந்து சாதாரணச் சம்பளக்காரரின் காதுக்குக் கொண்டுபோனது இந்த மேடைதான்.

பின்னாளில் பேச்சு வரியோடு நிற்கவில்லை. கல்விக்கும் மக்கள் நலத்துக்கும் அரசு கிள்ளிக் கொடுக்கிறது என்ற குற்றச்சாட்டு அவரிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று தீர்ப்பான கேசவானந்த பாரதி வழக்கில் (1973) வாதாடியவர், நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதும் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கைத் திருப்பிக் கொடுத்தவர் என்ற மதிப்பும் அந்தச் சொற்களுக்கு எடை சேர்த்தது.

குறைகளும் உண்டு. ஒருவர் பேச, ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். எதிர்வாதத்துக்கு அங்கே இடம் குறைவு. மொழி ஆங்கிலம். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத பெரும்பான்மையினர் அந்த மைதானத்துக்கு வெளியேதான் இருந்தார்கள். நிலமில்லாக் கூலிக்காரரின் பக்கத்திலிருந்து பட்ஜெட்டைப் பிரித்துக் காட்ட, இதே அளவு கூட்டத்தை ஈர்த்த இன்னொரு மேடை அமையாதது பெரிய இழப்பு.

1994 உரையே கடைசி. 1999இல் யஷ்வந்த் சின்ஹா தாக்கல் நேரத்தைக் காலை 11 மணிக்கு மாற்றினார். அன்று மதியத்துக்குள் தொலைக்காட்சி அலசி முடித்துவிடுகிறது. ஆவணத்தை முழுதாகப் படித்துவிட்டுப் பேச யாருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. பால்கிவாலாவின் பெயர் தமிழ்நாட்டிலும் நிலைத்திருக்கிறது. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் அவர் நினைவாக நடக்கும் மாதிரி நீதிமன்றப் போட்டியில், சட்ட மாணவர்கள் வரி வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு இரு தரப்பிலும் நின்று வாதாடுகிறார்கள்.